கைதட்டல் கும்பகர்ணனுக்கு

பட்டிமன்றத்தில் கும்பகர்ணனையும் வீடணனையும் எதிரெதிரே நிறுத்தினால், நடுவர் வாயைத் திறப்பதற்கு முன்பே கூட்டம் தீர்ப்புச் சொல்லிவிடும். எங்கள் அரக்கோணம் பக்கம் பொங்கல் விழா, கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று எந்த மேடையானாலும் இதுதான் நிலவரம். வீடணன் அணிக்காரர் அறம், நீதி என்று தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுவார். கூட்டம் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கும். கும்பகர்ணன் அணிக்காரர் எழுந்து, "போர்க்களத்திலே தம்பி வந்து அண்ணனைக் கூப்பிடுகிறான்..." என்று இழுத்தாரோ இல்லையோ, கடைசியில் பைக்கில் சாய்ந்து நிற்கிற பையன்கள் வரைக்கும் விசில் பறக்கும்.

காரணம் புரியாமல் இல்லை. கம்பனின் கும்பகர்ணன் முட்டாள் இல்லை. தூக்கத்திலிருந்து எழுப்பிப் போருக்குப் போ என்றதுமே, சீதையை இன்னுமா விடவில்லை என்று அண்ணனைக் கேட்கிறான். இது வெல்ல முடியாத போர், அவளை அனுப்பிவிடு என்று எடுத்துச் சொல்கிறான். அண்ணன் சீறியதும் பேச்சை நிறுத்திக்கொண்டு ஆயுதத்தைத் தூக்குகிறான். களத்தில் வீடணன் வந்து, ராமன் பக்கம் வந்துவிடு என்று கெஞ்சும்போது, இத்தனை காலம் சோறு போட்டவனை விட்டு வருவதற்கில்லை, நீயாவது பிழைத்திரு என்று தம்பியைத் திருப்பி அனுப்புகிறான். செய்வது தப்பு என்று தெரியும், சாகப்போகிறோம் என்றும் தெரியும். தெரிந்தே போகிறவனுக்கு யார்தான் கைதட்ட மாட்டார்கள்?

கர்ணன் கதையும் இதேதான். 1964 பொங்கலுக்கு வந்த பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' படத்தை 2012இல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோது, சிவாஜி காலத்து ரசிகர்களோடு அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் தியேட்டரில் உட்கார்ந்திருந்தார்கள். துரியோதனன் பக்கம் நியாயம் இல்லை என்பது கர்ணனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனாலும் என்.டி. ராமராவ் கிருஷ்ணராக வந்து புன்னகைக்கும் ஒவ்வொரு முறையும் நம் மனசு கர்ணன் பக்கம்தான் சாய்கிறது.

இவர்களை நமக்குப் பிடித்துப்போவதற்கு இவர்களுடைய சாவும் ஒரு காரணமோ என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம் உண்டு. செத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. வாங்கிய சோற்றுக்கும் சரியாகப் போயிற்று, செய்த தப்புக்கும் சரியாகப் போயிற்று. கும்பகர்ணனுக்கு மறுநாள் காலை என்று ஒன்று கிடையாது. வீடணனுக்கு உண்டு. எரிந்துபோன ஊர், அண்ணன்மார் பிணம், கணவன் உடல் மீதே உயிரை விட்ட அண்ணி, இவ்வளவுக்கும் நடுவில் முடிசூடிக்கொண்டு உட்கார வேண்டும். ராவணன் விழுந்தபின் வீடணன் அவன் உடல் மீது விழுந்து அழுவதைக் கம்பன் எழுதியிருக்கிறான். பட்டிமன்றத்தில் யாரும் அந்த இடத்துக்கு வருவதே இல்லை. அதற்குள் மணி அடித்துவிடுவார்கள்.

காவியத்தை அத்தோடு விடுகிறேன். எங்கள் பக்கம் இந்தச் சோற்றுக் கடன் மாதாமாதம் சம்பளக் கவரில் வருகிறது. அரக்கோணம் ரயில்வே ஊர். பாதி ஜனம் விடிவதற்குள் சென்னை மின்சார ரயிலில் ஏறிவிடும். மேற்கே போகிற வண்டியில் ஏறினால் சுமார் 35 கிலோமீட்டரில் வாலாஜா ரோடு. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்ற இடம் அது. அங்கே தொடங்குகிறது தோல் நாடு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், அப்புறம் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. ஷூ கம்பெனி பஸ்ஸுக்காகக் காலை இருட்டில் டிபன் பாக்ஸோடு நிற்கும் பெண்களைப் பார்க்காமல் இந்தப் பக்கம் எந்த ஊரையும் கடக்க முடியாது. அந்தச் சம்பளத்தில்தான் நகை, பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ், வீட்டுக்கு மாடி எல்லாம். அதே தொழிலின் கழிவுதான் பாலாற்றிலும் கிணற்றிலும் இறங்கியது. சோறும் தண்ணீரும் ஒரே வாசல் வழியாக வருகிற ஊரில் மனசாட்சி என்ன பாடுபடும் என்பதுதான் என் கேள்வி.

என் மாமா ஒருவர் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆரம்பத்தில் சுண்ணாம்புத் தொட்டி, பிறகு டிரம், கடைசியில் கழிவுநீர் சுத்திகரிக்கிற இடம். சுண்ணாம்பு அரித்ததில் அவர் வலது கை கட்டைவிரல் நகம் பாதிதான் வளரும். வேலைக்குப் போன காலத்தில் சட்டையை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார். வாசல் வேப்பமரத்தில் ஆணி அடித்து மாட்டியிருப்பார், அத்தை அதைத் தொட மாட்டாள்.

'விடுதலை' முதல் பாகம் டிவியில் வந்தபோது அவர் வீட்டில் இருந்தேன். வெற்றிமாறன் படம், 2023இல் வந்தது. சூரி நடித்த குமரேசன் போலீஸ் டிரைவர். கரடி தாக்கிய ஒரு கிழவியை, மேலதிகாரியின் உத்தரவை மீறி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறான். மன்னிப்புக் கேள் என்கிறார்கள். நான் தப்புச் செய்யவில்லையே, எதற்குக் கேட்க வேண்டும் என்கிறான். அதற்காக அவனை எடுபிடி வேலையில் போட்டு வதைக்கிறார்கள். நான் உருகிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா முகத்தில் எரிச்சல்.

"இன்னாத்துக்கு மாப்ளே இம்மாம் வீம்பு அவனுக்கு? ஒரு சாரி சொல்லிட்டுப் போனா வேலை கீதுல்ல."

"தப்பே பண்ணலையே மாமா?"

"தப்புப் பண்ணவன்தான் சாரி கேக்கறானா ஊர்ல?"

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. படம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவராகவே ஆரம்பித்தார். மழை கொட்டுகிற ராத்திரிகளில் மேஸ்திரி வருவாராம். கழிவுநீர் வால்வைத் திறந்து விடு, மழைத்தண்ணியோட போயிடும், யாருக்குத் தெரியப்போகுது என்பாராம். "தொறந்தேன் மாப்ளே. ரெண்டு தபா தொறந்தேன். மூணாந்தபா மேகம் கறுத்தப்பவே வயித்து வலின்னு லீவு சொல்லிட்டு வந்து படுத்துக்கினேன். அப்பறம் எப்ப மழை வந்தாலும் எனக்கு வயித்து வலிதான்."

அத்தை சிரித்துவிட்டாள். மாமா சிரிக்கவில்லை. "நான் படுத்துக்கினா வேற எவனோ தொறப்பான், அது வேற விஷயம்" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார்.

இவரை எந்த அணியில் சேர்ப்பது? சோறு போட்டவனை எதிர்க்கவில்லை, இரண்டு தடவைக்கு மேல் அவன் சொன்னதையும் செய்யவில்லை, ஊரைக் கூட்டிச் சொல்லவும் இல்லை. இப்படி ஒருவரை நம் கதைகளிலும் படங்களிலும் தேடிக்கொண்டே இருக்கிறேன். இந்தப் பதிவே அந்தத் தேடல்தான்.

முதலில் எடுத்தது 'அகல் விளக்கு'. மு. வரதராசனார் எங்கள் மாவட்டத்துக்காரர். வாலாஜா பக்கத்து வேலம் அவருக்குச் சொந்த ஊர். நாவல் 1958இல் வந்தது, 1961இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. வாலாஜாவும் பெருங்காஞ்சியும் கதைக்குள்ளேயே வருகின்றன. நான் ரயிலில் கடக்கிற மண், அதனால் ஆசையாகப் படித்தேன். அழகன், அறிவாளி சந்திரன். சாதாரணப் பையன் வேலய்யன். வேலய்யன்தான் கதை சொல்கிறான். பளிச்சென்று எரிந்து அணைகிறவன் சந்திரன், சின்னதாக நின்று எரிகிறவன் வேலய்யன். தலைப்பும் அதுதான். மு.வ.வின் பாத்திரங்கள் டீ குடிக்கும்போதும் ஒழுக்கம் பேசுவார்கள் என்ற குறை நியாயமானது. ஆனால் முதல் பாதியில், தன்னைவிட எல்லாவற்றிலும் உசத்தியான நண்பனுக்குப் பக்கத்தில் வளர்கிற பையனின் கூச்சத்தை அவர் நன்றாகவே பிடித்திருக்கிறார்.

எனக்கு இடித்தது முடிவு. தடம் மாறிய சந்திரனுக்குத் தொழுநோய் வந்து, அதிலேயே சாகிறான். மனசாட்சிக்குப் பதில் நோயைக் கொண்டுவந்து கணக்கைத் தீர்த்தாயிற்று. மு.வ. மட்டுமா? 1954இல் வந்த 'ரத்தக் கண்ணீர்' படத்தில் மோகனசுந்தரத்துக்கும் இதே தண்டனைதான். எம்.ஆர். ராதா அந்தக் குரலாலும் குதர்க்கத்தாலும் பாத்திரத்தை வேறு உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டார் என்பதால் நாம் கவனிப்பதில்லை. தன் மனைவியை நண்பனுக்கே மணம் முடித்துவைத்துவிட்டு, என்னைச் சிலையாக வையுங்கள், பார்த்துத் திருந்தட்டும் என்று சொல்கிறானே, அந்த இடத்தில் மோகனசுந்தரம் உண்மையிலேயே தனி மனிதன். அந்த யோசனையை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

இதே காலத்தில்தான் எங்கள் பக்கத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையில் நிமிர்த்தினார். உணர்ச்சி போய்விட்டதால் சூடும் காயமும் தெரியாமல்தான் விரல்கள் கெடுகின்றன, சதை தானாக அழுகி விழுவதில்லை என்று காட்டினார். 1955இல் காட்பாடி அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியது. ஆக, வாலாஜாவிலிருந்து ஒரு மணி நேர தூரத்தில், இது கிருமியால் வரும் நோய், குணப்படுத்தலாம் என்று மருத்துவர்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது, வாலாஜாவை வைத்து எழுதிய நாவலில் அது பாவத்தின் சம்பளமாக வந்தது. அந்த வார்டில் கிடந்தவர்களில் யாராவது 'அகல் விளக்கு' படித்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்? மு.வ. மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த முடிவு அநியாயம்.

இதற்கு மறுபக்கம் ஜெயகாந்தன். 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' பலருக்கும் தெரியும். மழையில் காரில் ஏறி ஏமாந்த பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்த முடிவு வாசகர்களிடையே பெரிய சண்டையைக் கிளப்பியது. ஜெயகாந்தன் அத்தோடு விட்டிருக்கலாம். அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டு எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972இல் அகாதமி பரிசு; பீம்சிங் இயக்கத்தில் வந்த படத்துக்கு லட்சுமிக்குத் தேசிய விருது.

அந்த நாவலின் நாயகி கங்காவுக்கு மறுநாள் காலை உண்டு. அதற்கு அடுத்த பல வருடங்களும் உண்டு. படிக்கிறாள், ஆபீஸ் போகிறாள், பஸ்ஸில் உரசுகிறவனை முறைக்கிறாள், ஊர் அவளுக்குக் கொடுத்த பெயரோடு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுகிறாள். நாவலுக்குள்ளேயே அந்தச் சிறுகதையும் அதை எழுதியவரும் வருவதுதான் ஜெயகாந்தனின் குறும்பு; தன் முந்தைய முடிவைத் தானே குறுக்கு விசாரணை செய்கிறார். அன்று காரில் ஏற்றிய மனிதனைக் கங்கா தேடிக் கண்டுபிடிக்கிறாள். மன்னிக்கவோ பழிவாங்கவோ போகவில்லை. அவளுக்கே முழுசாக விளங்காத ஒரு காரணம். அந்த விளங்காத காரணத்தை வசனம் போட்டு விளக்காமல் விட்டதற்காகவே ஜெயகாந்தனின் மற்ற உரத்த குரல் கதைகளை எல்லாம் மன்னிக்கலாம்.

தோல் என்று எடுத்துக்கொண்டால், டி. செல்வராஜின் 'தோல்' நாவலைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2012க்கான அகாதமி பரிசு. களம் எங்கள் பக்கம் இல்லை, திண்டுக்கல். அங்கே வக்கீலாக இருந்தவர் என்பதால் டேனரி வேலை, தொழிற்சங்கம், கோர்ட், எல்லாம் உள்ளிருந்து வருகிறது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி நிற்கிறவர்களின் உடம்பு அந்த நாவலில் இருக்கிற மாதிரி வேறெங்கும் நான் படிக்கவில்லை. ஆனால் அங்கே மனசாட்சிக்குச் செங்கொடி துணை இருக்கிறது. சங்கம் சேர்ந்துவிட்டால் பயம் பாதி போய்விடும். என் மாமாவுக்குச் சங்கம் இல்லை. மழையும் மேஸ்திரியும் மட்டும்தான். பேரணாம்பட்டு மண்ணிலிருந்து எழுதுகிற அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி', 'வல்லிசை' இரண்டையும் இந்தப் பக்கத்துக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அவருடைய கேள்விகள் நிலம், சாதி, பறை என்று வேறு தளத்தில் நிற்கின்றன.

கடைசியில் என் மாமாவுக்கு நெருங்கிய உறவுக்காரரை நார்வேயில் கண்டுபிடித்தேன். இப்சன் 1882இல் எழுதிய 'மக்களின் பகைவன்' நாடகம். டாக்டர் ஸ்டாக்மன் ஒரு சின்ன ஊரின் மருத்துவர். ஊருக்கே வருமானம் தருகிற நீராடும் இல்லத்தின் தண்ணீரில் நஞ்சு கலந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறார். அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? மேட்டில் இருக்கிற டேனரிகளிலிருந்து! முதல் தடவை படித்தபோது புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஊர்த் தலைவர் அவருடைய சொந்த அண்ணன். ஆரம்பத்தில் பத்திரிகைக்காரர்கள் டாக்டர் பக்கம் நிற்கிறார்கள். சரிசெய்யும் செலவு வரி கட்டுகிறவர்கள் தலையில் விழும், நீராடும் இல்லத்தை இரண்டு வருடம் மூட வேண்டும் என்றதும் எல்லோரும் அண்ணன் பக்கம். டாக்டர் கூட்டிய பொதுக்கூட்டத்திலேயே அவரை மக்களின் பகைவன் என்று தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள்.

அதைவிடக் கூர்மையான இடம் அடுத்த நாள் வருகிறது. ஜன்னல் கண்ணாடி எல்லாம் உடைந்து கிடக்கிறது, வேலை போய்விட்டது, டீச்சராக இருந்த மகளின் வேலையும் போய்விட்டது, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். அப்போது மனைவியை வளர்த்த கிழவர் உள்ளே நுழைகிறார். மோசமான டேனரி அவருடையதுதான். விலை சரிந்துபோன நீராடும் இல்லத்தின் பங்குகளை வாங்கிக் குவித்துவிட்டு வந்திருக்கிறார். எந்தப் பணத்தில்? டாக்டரின் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என்று ஒதுக்கிவைத்திருந்த பணத்தில். தண்ணீர் நஞ்சு என்று இனியும் சொன்னால் உன் பெண்டாட்டி பிள்ளைகள்தான் பிச்சை எடுப்பார்கள் என்கிறார். கும்பகர்ணனுக்குக்கூட இப்படி ஒரு நெருக்கடி இல்லை. டாக்டர் கொஞ்சம் தடுமாறுகிறார் என்பதையும் இப்சன் மறைக்கவில்லை. பிறகு முடியாது என்று சொல்லி அனுப்புகிறார். ஊரை விட்டும் போகவில்லை.

சத்யஜித் ராய் இதை 1989இல் 'கணசத்ரு' என்று வங்காளத்தில் எடுத்தார். டேனரியை எடுத்துவிட்டுக் கோயில் தீர்த்தத்தை வைத்தார். நம் நாட்டில் எதைத் தொட்டால் கூட்டம் கல் எடுக்கும் என்று ராய்க்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் முடிவில், வெளியே டாக்டருக்கு ஆதரவாகக் குரல்கள் கேட்கும்படி செய்துவிட்டார். இப்சனின் டாக்டருக்கு அந்த ஆறுதல் இல்லை. எனக்கு இப்சன் முடிவே சரி.

எங்கள் பக்கம் அந்தக் குரல் கோர்ட்டுக்குப் போயிற்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியா முழுக்கச் சட்ட மாணவர்கள் இந்தப் பாலாற்று வழக்கிலும் படிக்கிறார்கள். 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் 2015 ஜனவரி 31 அன்று, ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் செத்துப்போனார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

தீர்ப்பு இருக்கிறது, செய்தி இருக்கிறது, நாவல்தான் இல்லை. அந்த மாதிரி ஒரு தொட்டிக்குப் பக்கத்தில் தினம் நடந்துபோய், சுவரில் கசிவைப் பார்த்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்கிற ஒருவனை யாராவது எழுத வேண்டும். அவனை வீரனாகவும் ஆக்க வேண்டாம், நோய் கொடுத்துக் கொல்லவும் வேண்டாம். 'விடுதலை' குமரேசனை எனக்குப் பிடிப்பதற்கு முக்கியக் காரணமே, மன்னிப்புக் கேட்க மறுத்த அவன்தான் கடைசியில், போலீஸிடம் ஊர்ப் பெண்கள் வதைபடுவது நிற்க வேண்டும் என்பதற்காக, போராளித் தலைவர் பெருமாள் வாத்தியாரைப் பிடிக்கிற கூட்டத்துக்கு முன்னால் ஓடுகிறான் என்பது. யாரைக் காப்பாற்ற யாரைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. வீடணனுக்கு மேடையில் கிடைக்காத கரிசனம் சூரிக்குத் தியேட்டரில் கிடைத்தது. ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதையிலிருந்து வளர்ந்த படம் அது. சிறுகதையையும் படித்துப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு திசையில் போகின்றன.

ஆம்பூர், விஷாரம், வாணியம்பாடி, பேரணாம்பட்டு நண்பர்களே, மழை ராத்திரியில் வயிற்று வலி வந்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே உட்கார்த்தி வைத்துக் கேட்டு எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம். வால்வைத் திறந்தவர்கள் சொல்ல முன்வந்தால் அதையும் எழுதுங்கள், அதுதான் இன்னும் முக்கியம். இப்படி ஒரு நாவல் ஏற்கெனவே வந்து எனக்குத் தெரியாமல் போயிருந்தால் பெயரை மட்டும் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமையே வாங்கிவிடுகிறேன்.